ஐம்பத்து நான்கு வயது ரத்தம்

ஊஜினா துறைமுகத்திலிருந்து கிளம்பும் டிராமில் காலை நேரம் ஏறுகிறவர்களுக்கு ஓகிமோட்டோ மினாகோவின் பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரிந்திருக்கும். இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராமல், கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மெலிந்த பெண்மணி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள். வேலை பார்க்கும் இடத்தில் முடியை எப்போதும் தொப்பிக்குள் திணித்து வைக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வெட்டு. வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. அம்மா சுமியேயும் அவளுமாகத் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள்.

அவள் பிழைப்பு சுண்டெலிகளோடு. பல்கலைக்கழகத்தில், எல்லாரும் ‘சென்செய்’ என்று கூப்பிடுகிற இசோபே என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர். விவசாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் கோழி வளர்ப்புப் படித்துவிட்டு, கோழிப்பண்ணை எதுவும் கூப்பிடாததால், விளம்பரம் பார்த்து வந்து சேர்ந்தவள். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கருப்புச் சுண்டெலி அவள் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அழுதுகொண்டே கையைக் கழுவினாளாம். அதற்குப் பிறகு அங்கேயே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் குருத்தணுக்கள் என்று ஒரு வகை உண்டு. உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுக்க அவற்றிலிருந்துதான் பிறக்கிறது. மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். பெரும்பாலான காலம் தூங்கிக்கொண்டே கிடக்கும். உடம்புக்கு ஒரு சங்கடம் வந்தால், ரத்தம் நிறையப் போனாலோ, விஷக்காய்ச்சல் கண்டாலோ, கதிர்வீச்சு பட்டாலோ, எழுந்து வேலை செய்துவிட்டு மறுபடி படுத்துவிடும். அப்படி எழும்போது அவற்றுக்குள் எந்தெந்த மரபணுக்கள் வாய் திறக்கின்றன, எவை அடங்குகின்றன, வயதான பிறகு அந்தப் பேச்சு எப்படி மாறுகிறது என்பதுதான் இசோபே சென்செய் வாழ்நாளெல்லாம் துருவிக்கொண்டிருந்த விஷயம். இளம் எலியின் குருத்தணு சங்கடம் தீர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும். கிழட்டு எலியின் குருத்தணுவோ ஒன்றும் நடக்காதபோதே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒரு முறை எழுப்பிவிட்டால் பிறகு சரியாகத் தூங்காது. வேறொரு எலிக்கு ஏற்றினால் அங்கே போயும் இளசு மாதிரி ரத்தம் உண்டாக்காது.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் கிழட்டு எலி வேண்டும். சுண்டெலி கிழடாக இரண்டு வருஷம் ஆகும். அதை எந்தக் காசு கொடுத்தும் அவசரப்படுத்த முடியாது. கூண்டில் மரத்தூள் மாற்றி, ஈரப்பதம் பார்த்து, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் பிரித்து வைத்து, இரண்டு வருஷம் காப்பாற்றுவது மினாகோவின் பொறுப்பு. வயதாக ஆக அவற்றின் முதுகில் முடி உதிரும், கருப்பு சாம்பலாகும், நடை தளரும். அவற்றை அவள் ‘கிழவிகள்’ என்பாள். ‘கிழவிகளுக்கு இன்னிக்குப் பசி இல்ல’ என்று அவள் சொன்னால் ஆய்வகத்தில் எல்லாருக்கும் புரியும். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் வளாகத்து நினைவுக்கல் முன்னால் செத்த பிராணிகளுக்காகப் பூ வைத்து வணங்கும் நாளில், பேராசிரியர்கள் தலை குனிந்து நிமிர்ந்த பிறகும் அவள் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருப்பாள்.

கல்யாணம் ஒன்று கூடி வந்து கலைந்த கதையும் உண்டு. அவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும். ஆய்வகத்துக்கு ரசாயனப் புட்டிகள் கொண்டுவந்து போடுகிற மசாயா என்ற பையன், மாத்சுயேக்காரன், நல்ல சிரிப்பு. இரண்டு வருஷம் பழகினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா பலகாரப் பெட்டியோடு வந்தாள். தேநீர் குடித்தபடி, ‘உங்க குடும்பத்துல எல்லாருக்கும் உடம்பு எப்படி?’ என்று மெதுவாகக் கேட்டாள்.

சுமியே எதையும் மறைக்கவில்லை. அணுகுண்டு விழுந்தபோது தனக்கு ஏழு வயது, நகரத்து மேற்கு ஓரம் கோயியில் இருந்தோம், பிறகு சாம்பல் கலந்து பெய்த கருப்பு மழையில் நனைந்தோம், அக்கா பதினைந்து வயதில் ரத்தப் புற்றில் போனாள் என்று வரிசையாகச் சொன்னாள். அரசாங்கம் தப்பியவர்களுக்குக் கொடுத்திருந்த கையேட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். வந்தவள் பணிவாகத் தலை தாழ்த்தி, தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் மசாயாவின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, அவனுக்கு மாற்றல் வந்தது, அப்புறம் அவன் வரவே இல்லை. ரத்தம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. தப்பியவர்களின் பிள்ளைகளிடம் அப்படி எந்தக் கெடுதலும் கண்டறியப்படவில்லை என்பது மினாகோவுக்கு அப்போதே தெரியும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் வரவில்லை என்பதும் தெரியும். அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மஜ்ஜை தானத்துக்குப் பெயர் கொடுத்தது முப்பது சொச்சம் வயதில். வளாகத்துக்கு ரத்ததான வண்டி வந்திருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வரிசையில் நின்றார்கள், அவளும் நின்றாள். கொடுத்ததையே மறந்துவிட்டாள். ஐம்பத்தைந்து ஆனால் பெயரைத் தானாக எடுத்துவிடுவார்கள்.

அதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது நிஷிவாக்கி என்ற ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“ஓகிமோட்டோ சான், உங்க மஜ்ஜை ஒரு நோயாளிக்குப் பொருந்தியிருக்கு. குடுக்கறதுக்கு இன்னும் மனசு இருக்கா?”

“எனக்கு வயசு அம்பத்தி நாலுங்க,” என்றாள் மினாகோ.

“தெரியும். அதனாலதான் அவசரமா கூப்பிடுறேன்.”

அன்று சாயங்காலம் சிப்பி போட்ட சோறு. சுமியே சாப்பிட்டுக்கொண்டே வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தைந்து வயதாகியும் காது கூர்மை குறையவில்லை. வாயும் அப்படித்தான். முப்பது வருஷம் துறைமுகக் கொட்டகையில் சிப்பி உடைத்தவள். மினாகோ விஷயத்தைச் சொன்னதும் வானொலியை அணைத்தாள். ஆட்டம் நடக்கும்போது அவள் அதை அணைத்து மினாகோ பார்த்ததில்லை.

“எதுக்கு உன்னைக் கேக்குறாங்க? நாட்டுல வேற ஆளே இல்லையா?”

“பொருத்தம் பார்த்திருக்காங்கம்மா. எனக்குத்தான் பொருந்தியிருக்கு.”

“கல்யாணத்துக்குப் பொருந்தலே, இதுக்குப் பொருந்திடுச்சாக்கும்.”

மினாகோ சிரித்தாள். சுமியே சிரிக்கவில்லை.

“குடுக்க வேணாம்டி. குடுத்து அவங்க பொழைக்கலேன்னு வை. என்ன சொல்லுவாங்க? குண்டு விழுந்த வீட்டு ரத்தத்தை ஏத்துனாங்க, அதான் உயிர் போயிடுச்சுன்னு சொல்லுவாங்க.”

“யாரு குடுத்தான்னே அவங்களுக்குத் தெரியாதும்மா. அவங்க யாருன்னு நமக்கும் தெரியாது.”

“நமக்குத் தெரியும்ல, நாம யாருன்னு.”

அம்மாவின் பயம் வீண் என்று மினாகோவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கென்று வேறொரு பயம் இருந்தது, அதை வீண் என்று தள்ள முடியவில்லை. தன் கையால் எத்தனை கிழட்டு எலிகளின் தொடையெலும்பைக் கழுவி மஜ்ஜையை வெளியே எடுத்திருப்பாள். அது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எலிக்கு இரண்டு வருஷம் என்றால் மனுஷிக்கு ஐம்பத்து நான்கு எவ்வளவு என்று டிராமில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வரவில்லை. எப்படிப் போட்டாலும் இளசு என்று மட்டும் வரவில்லை.

உடம்புப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஹமாசாக்கி என்ற பெண் டாக்டர் இருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், மளமளவென்று பேசுகிறவர். ரத்தம் எடுத்து, இதயம் பார்த்து, எல்லாம் முடிந்ததும் மினாகோ கேட்டாள்.

“டாக்டர், நான் எலிகளோட மஜ்ஜையில வேலை பாக்குறவ. வயசானா அது எப்படி ஆகும்னு பாத்திருக்கேன். சின்ன வயசுக்காரங்க யாரும் கெடைக்கலையா?”

“கெடைச்சாங்க. ஒருத்தங்க மாசமா இருக்காங்க. இன்னொருத்தருக்கு வேலையில லீவு குடுக்கலே. வேற ஒருத்தர் போனையே எடுக்கலே. நீங்க எடுத்தீங்க.”

“என்னோடது அங்க போய் வேலை செய்யலேன்னா?”

“செய்யாமப் போகலாம். இருபது வயசுக்காரங்களோடதும் செய்யாமப் போயிருக்கு. அம்பது வயசுக்காரங்களோடதை ஏத்தி எழுந்து நடந்து போனவங்களும் இருக்காங்க. இளசு கெடைச்சா இளசைத்தான் எடுப்பேன், அதை உங்ககிட்ட மறைக்கல. இப்ப கையில இருக்கிறது நீங்க. அந்த நோயாளிக்குக் காத்திருக்க நேரமும் இல்லே.”

இதமாக எதையாவது சொல்லியிருந்தால் மினாகோ நம்பியிருக்க மாட்டாள். டாக்டர் அப்படிச் சொல்லாததால் அன்று வீடு திரும்பும்போது மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஆய்வகத்திலும் ஒரு சிக்கல். இசோபே சென்செய் தன் கடைசிப் பெரிய சோதனையில் இருந்தார். கிழவிகளுக்குக் கொஞ்சமாகக் கதிர்வீச்சு கொடுத்தாயிற்று. இளசுகளுக்கும் அதே அளவு. ரத்தம் மறுபடி தேறி வருகிற குறிப்பிட்ட வாரத்தில் மஜ்ஜையை எடுத்தாக வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் இரண்டு வருஷம் வளர்த்தது பாழ். மருத்துவமனை சொன்ன தேதி அதே வாரத்தில் விழுந்தது.

“தள்ளிப் போட முடியாதா?” என்றார் சென்செய்.

“அந்த நோயாளியால முடியாதுங்க.”

“கிழவிகளாலயும் முடியாதே.”

அவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளிடம் மதியம் அவரே வந்தார்.

“என் கைக்கு எந்த அளவு கையுறை வரும்? மறந்தே போச்சு.”

“சென்செய் எதுக்கு...”

“நான் எடுக்கறேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு எலியைத் தொட்டு. சைக்கிள் மாதிரிதான்னு சொல்லுவாங்க, பாக்கலாம். நீங்க போய்ப் படுங்க.”

மிச்சம் இருந்தது அம்மா மட்டும். கடைசிச் சம்மதக் கூட்டத்துக்குக் குடும்பத்தில் ஒருவர் வந்து ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பது விதி. ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்கக் கூடாது. ஏனென்றால் அதன் பின் நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிடுவார்கள். பிறகு இவர்கள் கொடுக்காவிட்டால் நோயாளி பிழைக்க முடியாது. மினாகோவுக்குக் குடும்பம் என்றால் சுமியே ஒருத்திதான்.

“வரேன்,” என்றாள் சுமியே. “வந்து அவங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லத்தான் வரேன். போன்ல சொன்னா மரியாதையா இருக்காது.”

கூட்டத்தன்று நல்ல சாம்பல் நிறச் சட்டை போட்டு, முத்துக் குண்டூசி குத்தி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நிஷிவாக்கி எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். மயக்க மருந்தில் வரக்கூடிய ஆபத்து, இடுப்பெலும்பில் ஊசி போடுகிற இடம், வலி எத்தனை நாள் இருக்கும், எல்லாம். சுமியே குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் ஹமாசாக்கி டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள்.

“டாக்டரம்மா, நான் குண்டுல தப்பிச்சவ. இவ என் வயித்துல பொறந்தவ. இது உங்க தாள்ல எழுதியிருக்கா?”

“எங்களுக்குத் தெரியும்மா. மகள் சொன்னாங்க. அதுனால எந்தத் தடையும் இல்லே.”

“அந்த நோயாளிக்குத் தெரியுமா?”

“தெரியாது. யார் குடுக்கறாங்கன்னு எதையுமே சொல்ல மாட்டோம்.”

“சொல்லுங்க. தெரிஞ்சும் வேணும்னா வாங்கிக்கட்டும். தெரியாம ஏத்துறது சரியில்லே.”

மினாகோவுக்குக் காது மடல் சூடேறியது. “அம்மா,” என்றாள். சுமியே அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லம்மா,” என்றார் டாக்டர். “இருந்தா கட்டாயம் சொல்லுவேன்.”

“உங்களுக்குக் குழந்தை உண்டா?”

“ரெண்டு.”

“அதுல ஒண்ணுக்கு வேணும்னா இவ ரத்தத்தை ஏத்துவீங்களா?”

“ஏத்துவேன்.”

யோசிக்காமல் சொன்னார். யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால் சுமியே எழுந்து போயிருப்பாள் என்று மினாகோ பின்னால் நினைத்துக்கொண்டாள். சுமியே டாக்டரின் முகத்தைக் கொஞ்ச நேரம், மீன் கடையில் மீனின் கண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற பெயர் முத்திரையை வெளியே எடுத்தாள். முடியாது என்று சொல்லத்தான் போகிறேன் என்றவள் முத்திரையை எதற்கு எடுத்து வந்தாள் என்று மினாகோ கேட்கவில்லை. முத்திரை முதல் தடவை சரியாக விழாமல் இன்னொரு தடவை குத்த வேண்டியிருந்தது.

திரும்பும்போது டிராமில் அம்மாவுக்காக மினாகோவும் உட்கார்ந்தாள். டிராம் பாலத்தைத் தாண்டியது.

“அன்னிக்கு அந்த மாத்சுயேக்காரி வந்தப்போ,” என்று சுமியே ஆரம்பித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். “நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். எல்லாரும் நல்லாயிருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். உனக்கு ஒரு வீடு, ஒரு புள்ளைன்னு ஆகியிருக்கும்.”

இருபத்தேழு வருஷமாக இது அம்மாவின் நெஞ்சில் கிடந்திருக்கிறது என்று மினாகோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா மேல் தனக்குக் கோபம் இருந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். முதல் ஒரு வருஷம் இருந்திருக்கலாம்.

“நீ சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்மா.”

“நீயா? நீ வாயில்லாப் பூச்சி.”

“சொல்லியிருப்பேன். மறைச்சுக் கட்டிக்கிட்டு, அந்தம்மா வருஷா வருஷம் பலகாரத்தோட வந்து உடம்பு எப்படின்னு கேக்கறதை யாரு தாங்குறது.”

கொஞ்ச தூரம் போன பிறகு, “பலகாரம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் சுமியே. நிறுத்தத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மூலையிலிருந்த கடைக்குள் நுழைந்து, நூடுல்ஸும் முட்டைக்கோஸும் அடுக்கிச் சுடுகிற ஒகோனோமியாகியை ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். சுமியே தன்னுடையதை முழுக்க முடித்துவிட்டு மினாகோவுடையதிலும் ஒரு மூலையை வெட்டி எடுத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் மினாகோவைக் குப்புறப் படுக்க வைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. முகமூடி வைத்தார்கள், ஒன்றிரண்டு மூச்சு, அவ்வளவுதான். கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. இடுப்பில் யாரோ மரப்பலகையால் அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நிஷிவாக்கி பக்கத்தில் நின்றாள்.

“போயிடுச்சா?” என்று மினாகோ கேட்டாள்.

“போயிடுச்சுங்க. குளிர்பெட்டியில வெச்சு கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இந்நேரம் ரயில்ல இருக்கும்.”

மினாகோ கண்ணை மூடிக்கொண்டாள். தன் எலும்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தது ரயிலில் போவதை நினைத்தபோது வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அங்கே போய் என்ன செய்யப்போகிறதோ. முணுமுணுத்துக்கொண்டே இருக்குமோ, எழுந்து வேலை செய்யுமோ.

மறுநாள் சுமியே ஆரஞ்சும் உள்ளாடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்குகிறவரின் வயதையும் ஊரையும் உத்தேசமாகச் சொல்லலாம் என்பதால் நிஷிவாக்கி அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: தெற்குத் தீவான கியூஷூவில் ஒருவர், ஆண், ஐம்பது தாண்டியவர்.

சுமியே ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள்.

“அம்பது வயசு ஆம்பிளையா? நான் சின்னக் குழந்தைன்னுல்ல நெனச்சேன்.”

“அம்மா, குழந்தைன்னு யாரும் சொல்லலியே.”

“டாக்டரம்மாகிட்ட புள்ளைங்களைப் பத்திக் கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல.” உரித்த சுளையைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். “சரி போ. அந்த ஆளுக்கும் ஒரு அம்மா இருப்பா.”

மினாகோவும் மனசுக்குள் ஒரு குழந்தையைத்தான் நினைத்து வைத்திருந்தாள். ஐம்பது என்று கேட்டதும் ஏதோ குறைந்த மாதிரி ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. கணக்குப் போட்டுப் போட்டு வராமல் இருந்த அந்த விஷயம் இப்போது அவளை அவ்வளவாக அரிக்கவில்லை. ஏறக்குறைய ஒத்த வயதுக்காரர். இருவருடைய உடம்பும் ஒரே காலத்தில் முதிர்ந்தவை. இதில் அறிவியல் எதுவும் இல்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் அன்று நன்றாகத் தூங்கினாள்.

வேலைக்குத் திரும்பியபோது சாய்ந்து சாய்ந்துதான் நடக்க முடிந்தது. எப்போதும் நிற்கிற பெண்மணி முதல் இரண்டு வாரம் டிராமில் உட்கார்ந்து வந்தாள். இசோபே சென்செய், குறித்த வாரத்தில், குறித்த நேரத்தில், எல்லாக் கிழவிகளின் மஜ்ஜையையும் எடுத்து முடித்திருந்தார். மாதிரிகள் ஒவ்வொன்றாக உறைபெட்டியில் அடுக்கியிருந்தன. மினாகோ எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு சிறு குழாயில்கூட எலும்புத் துணுக்கு இல்லை. ஏதாவது சொதப்பியிருப்பார், வந்து சரிசெய்ய வேண்டும் என்று படுக்கையில் கிடந்தபோதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

“எப்படி?” என்றார் சென்செய்.

“ரொம்ப நல்லா இருக்குங்க.”

“ஒரு கிழவி கடிச்சிட்டா,” என்று பிளாஸ்திரி ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டினார். “உங்களைத் தேடியிருப்பா.”

முடிவுகள் வர ஒரு பருவம் ஆயிற்று. செல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, எந்த மரபணு எவ்வளவு பேசுகிறது என்று பார்க்கிற இயந்திரம் இப்போது வந்துவிட்டது. திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. இளசுகள் நீலம், கிழவிகள் சிவப்பு. ஒரே மாதிரி பேசுகிறவை பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். எதிர்பார்த்தபடியே சிவப்பு ஒரு பக்கம் பரந்து கிடந்தது. கதிர்வீச்சின் பதற்றம் அடங்காமல் இன்னும் பேசிக்கொண்டிருந்தவை. ஆனால் நீலக் கூட்டத்துக்கு நடுவே அங்கங்கே சிவப்பும் தெரிந்தது.

“கலந்துடுச்சோ?” என்று சென்செய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் குழாயை மாத்தி வெச்சிருப்பேனோ.”

மிச்சமிருந்த மாதிரிகளை எடுத்து முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். அவர் ஒரு தரம், அவள் ஒரு தரம். சிவப்புப் புள்ளிகள் அங்கேயே இருந்தன. கிழட்டு எலியிலும் எல்லாச் செல்லும் ஒன்றுபோல் கிழடாகவில்லை. சில, பட்ட அடி தெரியாத மாதிரி, மறுபடி தூங்கப் போயிருந்தன. எத்தனை காலத்துக்கு அப்படி இருக்கும், வேறொரு எலிக்கு ஏற்றினால் அங்கும் இளசு மாதிரி வேலை செய்யுமா என்பதெல்லாம் இன்னும் தெரியாது. அதற்கு அடுத்த சோதனை வேண்டும். மினாகோ அந்தத் திரையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்செயும் அவளை அவசரப்படுத்தாமல் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

இதற்குள் சுமியே ஆளே மாறிப்போயிருந்தாள். தப்பியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நடக்கிற பரிசோதனைக்கு மினாகோதான் அழைத்துப் போவாள். வழக்கமாக அந்தக் காத்திருப்பு அறையில் சுமியே யாரோடும் பேச மாட்டாள். கையேட்டைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பெயரைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து போவாள். அந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத கிழவரிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தாள்.

“இவ என் மக. இவ ரத்தம் இப்ப கியூஷூல ஓடுது, தெரியுமா.”

“அப்படியா. எப்படிங்க?”

“ஒருத்தருக்கு மஜ்ஜை குடுத்தா. நாட்டுலயே இவளோடதுதான் பொருந்துச்சு. டாக்டரம்மா கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”

“அம்மா, யாரும் கெஞ்சலே,” என்றாள் மினாகோ.

“நீ சும்மா இரு.” கிழவரிடம் திரும்பினாள். “என் வயித்துல பொறந்தவ. நான் கோயிப் பக்கம் இருந்தவ. மழையில நனைஞ்சேன்.”

கிழவர் தலையை ஆட்டினார். “நான் யோகோகாவா பக்கங்க,” என்றார். “எனக்கும் ஒரு பேத்தி இருக்கா. அவளையும் பேரு குடுக்கச் சொல்றேன்.” பேச்சு அப்படியே வளர்ந்தது. உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டபோது சுமியேவுக்குக் காதில் விழவில்லை. மினாகோதான் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தத்தில் மினாகோவுக்கு ஐம்பத்தைந்து ஆயிற்று. நிஷிவாக்கி கூப்பிட்டுப் பெயரை எடுத்துவிட்டதாகச் சொல்லி நன்றி சொன்னாள்.

“அவர் இருக்காருங்களா?” என்று மினாகோ கேட்டாள்.

“சொல்லக் கூடாதுங்க. அதுக்கும் மேல, எனக்கே தெரியாது. எங்களுக்கும் அந்தப் பக்கத்துச் சேதி வராது.”

“சரிங்க. சும்மாதான் கேட்டேன்.”

அன்று ஆய்வகத்தில் ஒரு தாய் எலி குட்டி போட்டிருந்தது. அடுத்த சோதனைக்கு வளர்க்க வேண்டிய கிழவிகள் இவை. இவற்றுக்கு வயதாகும்போது இசோபே சென்செய் ஓய்வு பெற்றிருப்பார். வேறு யாராவது வந்து அந்தக் கேள்வியைத் தொடர வேண்டும். மினாகோ தொப்பிக்குள் காதை நுழைத்துக்கொண்டு கூண்டைத் திறந்தாள். விரல் நுனியளவு, முடியில்லாமல், சிவந்து, கண் திறக்காமல் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. தாய் அவற்றின்மேல் படுத்து, வந்தவளைச் சந்தேகமாகப் பார்த்தது. மினாகோ கையை உள்ளே விடாமல், கூடு கட்டிக்கொள்ள ஒரு பிடி பஞ்சை மட்டும் மூலையில் வைத்துவிட்டு மூடினாள்.